மரண கானா: நிலையாமையும் சமத்துவமும்

வடசென்னையில் ஒருவர் இறந்த இரவிலும், பதினாறாம் நாள் காரியத்திலும், ஆண்டு நினைவு நாளிலும் பாடப்படும் இரங்கற்பாட்டுக்கு மரண கானா என்று பெயர். இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலையும் ஆலைகளையும் ஒட்டிய குடியிருப்புகளிலும், புளியந்தோப்பு, வியாசர்பாடி போன்ற உட்பகுதிகளிலும் இது வழங்குகிறது. 'கானா' என்ற சொல்லுக்கு இந்தியிலும் உருதுவிலும் பாட்டு என்று பொருள். காதல், நட்பு, கேலி, ஊர்க்கதை என எதையும் கானாவாகக் கட்டலாம். சாவுக்குக் கட்டுவது மரண கானா. பேச்சுவழக்கில் சாவு கானா.

இந்தப் பாட்டு ஒரு பழைய தத்துவக் கேள்வியைப் புதிய இடத்தில் நின்று கேட்கிறது. உடலும் செல்வமும் நில்லாதவை என்ற எண்ணத்தைத் தமிழ் அறநூல்கள் பெரும்பாலும் துறவின் வாசலில் வைத்திருக்கின்றன. நிலையாதது என்று தெரிந்தால் விட்டுவிடு என்பது அவற்றின் அறிவுரை. விடுவதற்கு வீடும் நிலமும் செல்வமும் இல்லாத ஒருவருக்கு நிலையாமை என்ன சொல்லும்? மரண கானா அதற்கு விடை தேடிய பாட்டு.

பாட்டு பிறந்த மண்

இராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் புறப்பட்டது. அதற்குத் தெற்கே சென்னைத் துறைமுகம் வளர, வடக்கே கடல் கரையை அரித்து மீனவர் தெருக்களை விழுங்கியது. திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் 1946இல் பலூன் செய்யத் தொடங்கிய தொழில்தான் எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனமாக வளர்ந்தது. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் பாகங்களைப் பூட்டிக் கார் தயாரித்தது. பிற்பாடு அது அசோக் லேலண்ட் ஆயிற்று. 1950களின் நடுவில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை வந்தது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கியது. எண்ணூரின் புதிய துறைமுகம் 2001இல் செயல்படத் தொடங்கியது.

மூட்டை தூக்கியவர், வலை இழுத்தவர், லாரி ஓட்டியவர், உலைக்களத்தில் நின்றவர், சாக்கடை அள்ளியவர் என்று இந்த மண்ணின் வரலாறு உடலுழைப்பின் வரலாறு. இங்கே சாவு பல வழிகளில் சீக்கிரம் வரும். கப்பல் தளத்தில் சரக்கு சரியும், கடலில் படகு கவிழும், ஆலையில் இயந்திரம் கையை இழுக்கும், சாலையில் கன்டெய்னர் லாரி மோதும். இறந்தவரின் பெயர் நாளிதழில் வராது. வந்தாலும் ஒரு வரிக்கு மேல் போகாது. அவரைப் பற்றி யாராவது விரிவாகப் பேசுகிற ஒரே இடம் அவர் வீட்டு வாசலில் போட்ட பந்தல். அங்கேதான் மரண கானா பாடப்படுகிறது.

பாட்டின் அமைப்பு

உடல் ஐஸ் பெட்டியில் கிடக்கும். தெருவில் நாற்காலிகள், மேலே ஷாமியானா, சுவரில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. பாடுகிறவர் இறந்தவரின் நண்பராகவோ, பணம் பெற்றுப் பாடும் கலைஞராகவோ இருப்பார். பறை, கட்டை மேளம், சட்டி, டோலக், ஆர்மோனியம், புல்புல்தாரா என்று கிடைத்த கருவி துணைக்கு வரும். எதுவும் இல்லாவிட்டால் மேசைப் பலகையும் தகர டப்பாவும் தீப்பெட்டியும் தாளக் கருவியாகும்.

பாட்டு பெரும்பாலும் சிறு சிறு அடிகளாக, எதுகையும் இயைபும் பிடித்து ஓடும். ஒருவர் பாட மற்றவர்கள் கடைசிச் சொல்லை வாங்குவார்கள். மெட்டு பழையதாக இருக்கும். சொல் அன்றைய சாவுக்காகக் கட்டப்படும். இறந்தவரின் பெயர், தெரு, தொழில், அவர் பிள்ளைகள், நண்பர்கள், அவர் உட்காரும் டீக்கடை, அவருக்குப் பிடித்த நடிகர் எல்லாம் உள்ளே வரும். பாடகர் இறந்தவரை அண்ணே, மச்சான், நைனா என்று நேரே கூப்பிடுவார். நடுவில் பாட்டு பொதுவான உண்மைக்குத் தாவும்: உடம்பு மண்ணுக்குப் போகும், பணம் கூட வராது, ராஜாவுக்கும் கூலிக்கும் ஆறடிதான். பிறகு மறுபடியும் அந்த ஒருவரிடமே திரும்பி வரும். பொதுவுக்கும் தனிக்கும் இடையிலான இந்தப் போக்குவரத்தே மரண கானாவின் உயிர்.

ஒப்பாரிக்கு இது உறவு. ஆனால் ஒப்பாரி வேறு. ஒப்பாரி பெண்கள் மாரடித்து உடலைச் சூழ்ந்து பாடுவது. அதில் குடும்ப உறவே குரல். மரண கானாவைப் பெரும்பாலும் ஆண்கள் தெருவை நோக்கிப் பாடுகிறார்கள்; அதில் நட்பும் வட்டாரமும் குரல் கொடுக்கின்றன. மகளாகவோ மனைவியாகவோ அழுவதற்கு உரிமை இல்லாத சக தொழிலாளி தன் துக்கத்தைச் சபையில் வைக்க இந்தப் பாட்டே வழி.

நிலையாமை, கையறுநிலை

சாவைப் பற்றித் தமிழில் இரண்டு பெரும் மரபுகள் உண்டு. முதலாவது நிலையாமை. தொல்காப்பியம் காஞ்சித் திணைக்கு உலகத்தின் நிலையாமையைப் பொருளாக்குகிறது. திருக்குறளில் நிலையாமை 34ஆம் அதிகாரம். அது துறவறவியலில் இருக்கிறது. அடுத்த அதிகாரமே துறவு. நாலடியார் செல்வ நிலையாமை, இளமை நிலையாமை, யாக்கை நிலையாமை என்று தொடங்குகிறது. திருமந்திரமும் முதல் தந்திரத்திலேயே இவற்றைப் பேசுகிறது. நூல்களின் வரிசையே ஒரு வாதம். நிலையாமையை உணர்ந்தவர் அடுத்த படியாகப் பற்றை விட வேண்டும். இந்த மரபில் இறந்தவர் ஓர் எடுத்துக்காட்டு. அவர் யார் என்பது முக்கியமில்லை. அவர் இறந்தார் என்பதே பாடம்.

இரண்டாவது மரபு கையறுநிலை, அதாவது இறந்த ஒருவரை எண்ணி இரங்கிப் பாடுவது. புறநானூற்றில் வள்ளல் பாரி இறந்தபின் புலவர் கபிலர் பாடியவை இவ்வகை. இங்கே இறந்தவர் எடுத்துக்காட்டு அல்லர். அவருக்கு மாற்றே கிடையாது. அவர் மலை, அவர் கொடை, அவர் முற்றம் என்று தனி விவரங்களால் பாட்டு நிறையும். நடுகல்லும் இதே நோக்கம் கொண்டது: பெயரும் செயலும் கல்லில் நிற்க வேண்டும். ஆனால் கையறுநிலை பாடப்பெற்றவர்கள் அரசரும் வள்ளலும். நடுகல் பெற்றவர்கள் பெரும்பாலும் போரில் பட்ட வீரர். நெல் அடித்தவருக்கும் உப்பு விற்றவருக்கும் கையறுநிலைப் பாட்டு ஏட்டில் ஏறவில்லை.

மரண கானா இந்த இரண்டு மரபுகளையும் ஒரே பாட்டில் சேர்க்கிறது. நிலையாமையின் பொதுவுண்மை அதில் இருக்கிறது. கையறுநிலையின் தனித்துக்கமும் இருக்கிறது. ஆனால் பாடப்படுபவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், ஆட்டோ ஓட்டியவர், மீன் ஏலம் விட்டவர். பாரிக்குக் கிடைத்த மரியாதையை இராயபுரத்துத் தெரு தன் ஆளுக்குக் கொடுக்கிறது.

இந்தக் கரையின் மூன்று ஞானிகள்

சாவைப் பற்றி ஆழ்ந்து பாடிய மூவர் இந்தச் சில மைல் நீளத்துக்குள் வாழ்ந்திருக்கிறார்கள் அல்லது அடங்கியிருக்கிறார்கள்.

பட்டினத்தாரின் சமாதி திருவொற்றியூர்க் கடற்கரையில் இருக்கிறது. அவர் காவிரிப்பூம்பட்டினத்துக் கடல் வணிகர் என்றும், காதில்லாத ஊசி ஒன்றைக் கண்டு பெருஞ்செல்வத்தைத் துறந்தார் என்றும் மரபுக்கதை சொல்லும். பதினோராந் திருமுறையில் திருவொற்றியூரைப் பாடிய பட்டினத்தாரும், பிற்காலத்தில் உடலின் இழிவை எளிய தமிழில் பாடியவரும் வேறு வேறு காலத்தவர் என்பது ஆய்வாளர் கருத்து. மக்கள் நினைவில் இருவரும் ஒருவரே. அவருடைய வாதம் நேரானது: இந்த உடல் எரியும் அல்லது புதையும், ஆகவே இதை நம்பாதே. ஆனால் அதே கதையில் ஒரு திருப்பம் உண்டு. எல்லாவற்றையும் துறந்தவர் தாய் இறந்ததும் ஓடி வந்தார். பச்சை வாழை மட்டையில் உடலைக் கிடத்தித் தம் பாட்டாலேயே தீ மூட்டினார். எல்லா உடலும் ஒன்று என்று சொன்னவருக்கும் ஓர் உடல் மட்டும் வேறாக இருந்தது. பொதுவுண்மை தனித்துக்கத்தைத் தீர்த்துவிடாது என்பதற்கு இந்தக் கதையைவிடப் பெரிய சான்று தமிழில் இல்லை.

குணங்குடி மஸ்தான் சாகிபு 1792இல் தொண்டிக்கு அருகே குணங்குடியில் பிறந்தார்; இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். இளமையிலேயே துறவு பூண்டு வடசென்னைக்கு வந்து தங்கி, 1838இல் இங்கேயே அடங்கினார். தொண்டியிலிருந்து வந்தவர் என்பதால் அவர் இருந்த இடம் தொண்டியார்பேட்டை ஆயிற்று என்பார்கள். சூஃபி ஞானியான அவர் சித்தர் மொழியில் பாடினார். இந்துக்களும் அவருக்குச் சீடர்களாக இருந்தார்கள். அவருக்குச் சாவு பிரிவன்று. இறைவனாகிய காதலியோடு சேர்வது. இரண்டிரண்டு அடிகளாக ஓடும் அவருடைய கண்ணிகளில் கானாவின் வேரைக் காண்போர் உண்டு. சிறிய அடி, எளிய சொல், ஒருவர் பாடப் பலர் வாங்குவதற்கேற்ற நடை ஆகியவை இரண்டுக்கும் பொது.

இராமலிங்க அடிகள் (1823–1874) சிறுவயதில் ஏழுகிணறுப் பகுதியில் வளர்ந்து திருவொற்றியூர்க் கோயிலுக்குச் சென்று வழிபட்டவர். வடிவுடையம்மன் மீது மாணிக்கமாலை பாடியவர். அவர் சாவை ஏற்கவே மறுத்தார். மரணமிலாப் பெருவாழ்வு மனிதருக்கு இயலும் என்றார். இறந்தவரை எரிக்கக் கூடாது, புதைக்க வேண்டும் என்றார். சாவை வெல்ல நினைத்த அதே மனம் 1867இல் வடலூரில் தருமசாலை திறந்து பசித்தவருக்குச் சோறிட்டது.

உடலை நம்பாதே, இறைவனோடு சேர், சாவை வெல் என்பவை மூவரின் விடைகள். மூன்றும் ஒரு தனி மனிதர் தம் உயிரை என்ன செய்வது என்ற கேள்விக்கானவை. மரண கானாவின் கேள்வி வேறு. இன்னொருவர் போய்விட்டார், இருப்பவர்கள் அவருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள்?

மரண கானாவின் வாதம்

பாட்டின் அமைப்பிலிருந்து அதன் தத்துவத்தை மூன்று கூறுகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது, பெயர் சொல்லுதல். எல்லாரும் சாகிறவர்கள் என்ற உண்மையில் யாருடைய பெயரும் இல்லை. மரண கானா பெயரில் தொடங்கிப் பெயரில் முடிகிறது. உலகம் எண்ணிக்கையில் வைத்த ஒருவரைத் தெரு பெயரில் வைக்கிறது. வாழ்வின் மதிப்பு அதன் நீளத்திலோ செல்வத்திலோ இல்லை, அதை நினைக்கிறவர்களின் உறவில் இருக்கிறது என்பது இதன் உட்பொருள்.

இரண்டாவது, முன்னிலையில் பேசுதல். இறந்தவர் கேட்கிறாரா? உயிர் எங்கே போயிற்று? இதற்கு மரண கானா ஒரு கோட்பாடும் சொல்வதில்லை. சிவனும் இயேசுவும் அல்லாவும் ஒரே பாட்டில் வருவார்கள். அந்தத் தெருவில் அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். நாம் இருக்கும்போது சாவு இல்லை, சாவு வந்தபின் நாம் இல்லை, ஆகவே அதற்கு அஞ்ச வேண்டாம் என்றார் கிரேக்கத்து எபிகூரஸ். தன் சாவைப் பற்றிய அச்சத்துக்கு அது மருந்தாகலாம். நண்பனின் சாவுக்கு அது மருந்தாகாது. அங்கே சாவும் இருக்கிறது, நாமும் இருக்கிறோம். 'மச்சான்' என்று உடலைப் பார்த்துக் கூப்பிடுவது உயிர் அழியாது என்ற நம்பிக்கையின் அறிக்கை ஆகாது. உறவு இன்னும் அறவில்லை என்ற உண்மையை அது சொல்கிறது.

மூன்றாவது, சமன் செய்தல். ராஜாவும் கூலியும் ஒரே மண்ணுக்குப் போகிறார்கள் என்று அறநூல்களும் சொல்லும். அங்கே அது செல்வருக்கு எச்சரிக்கை. கூலியின் பந்தலில் அதே சொல் பாடப்படும்போது பொருள் திரும்புகிறது. செல்வர் இறுதியில் இவருக்குச் சமம் ஆவார் என்பதோடு, இவர் தொடக்கத்திலிருந்தே செல்வருக்குச் சமமானவர் என்ற உரிமைக் குரலாகவும் அது ஒலிக்கிறது. துறப்பதற்கு எதுவும் இல்லாதவரிடம் வந்து சேரும்போது நிலையாமை துறவுக்கு வழிகாட்டுவதை விட்டுச் சமத்துவத்துக்கு வழிகாட்டுகிறது.

சாவு எல்லாரையும் சமமாக்குகிறதா?

இந்த வாதத்துக்கு ஒரு கடுமையான மறுப்பு உண்டு. சாவில் எல்லாரும் சமம் என்பது தமிழ்நாட்டில் உண்மையாக இல்லை. பல ஊர்களில் சாதிக்கொரு சுடுகாடு இருக்கிறது. சில இடங்களில் தலித்துகளின் உடல் பொதுப்பாதையில் போகத் தடை இருக்கிறது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நிலத்தின் வழியே செல்ல வழி கிடைக்காததால், ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் செய்தியைத் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. மண் எல்லாரையும் ஒன்றாக ஏற்றுக்கொள்ளலாம். மண்ணுக்குப் போகும் வழியை மனிதர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு மறுப்பும் இருக்கிறது. சாவில் சமம் என்று பாடி ஆறுதல் அடைந்துவிட்டால், வாழ்வில் சமம் இல்லாததைப் பொறுத்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிடும். கல்லறை வரை காத்திருக்கச் சொல்லும் சமத்துவம் நீதியாகாது.

இந்த இடத்தில் அயோத்திதாசப் பண்டிதரின் (1845–1914) சிந்தனை உதவுகிறது. சென்னையில் பிறந்த அவர் 1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்டோர் தங்களைச் சாதிபேதமற்றவர்கள் என்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்றார். பௌத்தத்தில் அநித்தியம், அதாவது நிலையாமை, என்பது சாவுநேரத்து உண்மை மட்டுமன்று; ஒவ்வொரு கணத்துக்கும் உரியது. சேர்ந்து உண்டான எதற்கும் மாறாத உள்ளியல்பு கிடையாது. அப்படியானால் பிறப்பால் ஒட்டிய உயர்வுக்கும் தாழ்வுக்கும் மாறாத உள்ளியல்பு எப்படி இருக்கும்? நிலையாமையைக் கடைசி வரை எண்ணினால் முதலில் உதிர வேண்டியது சாதி.

பந்தலிலிருந்து மேடைக்கு

கானா 1990களில் இசையமைப்பாளர் தேவாவின் இசையால் திரைப்படத்தில் பரவலாக இடம்பெற்றது. 2006இல் 'சித்திரம் பேசுதடி' படத்தின் வழியாகக் கானா உலகநாதனும், 2012இல் 'அட்டகத்தி' வழியாகக் கானா பாலாவும் தமிழ்நாடெங்கும் அறிமுகமானார்கள். மரண கானாவில் தேர்ந்த பாடகர் விஜி அந்தப் பாட்டையே தம் பெயரின் முன்னொட்டாகக் கொண்டிருக்கிறார்.

2017இல் இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் தென்மாவும் சேர்ந்து 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக்குழுவை உருவாக்கினார்கள். பெயர் அயோத்திதாசரின் கருத்திலிருந்து எடுத்தது. 19 பேர் கொண்ட அந்தக் குழு 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. சட்டி, கட்டை மேளம், பறை ஆகியவற்றோடு மின்கிதாரும் ராக் டிரம்ஸும் சேர்ந்தன. கானாவோடு ராப் சேர்ந்தது. இடஒதுக்கீடு, மாட்டிறைச்சி, அம்பேத்கர் ஆகியவை பாடுபொருளாயின. சாவுப் பந்தலில் மறைமுகமாக ஒலித்த சமத்துவம் இங்கே உயிரோடிருப்பவரின் கோரிக்கை ஆயிற்று.

ராக் இசை இந்தப் பாட்டோடு சேர்ந்தது தற்செயலன்று. 1968இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துத் தொழிலாளர் பகுதியான ஆஸ்டனில் உருவான பிளாக் சபத் என்ற ராக் குழுவும் ஆலைமண்ணில் விளைந்ததுதான். அதன் கிதார் கலைஞர் டோனி அயோமி 17 வயதில் தகடு வெட்டும் ஆலையில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுறை செய்துகொண்டு வாசித்தார். கிடைத்ததைக் கருவியாக்கும் அந்தப் பிடிவாதம் தகர டப்பாவில் தாளம் போடும் தெருவுக்கு அந்நியமானதன்று. கத்தோலிக்கராக வளர்ந்த கீசர் பட்லர் அந்தக் குழுவுக்காக எழுதிய 'ஆஃப்டர் ஃபாரெவர்' (1971) சாவையும் கடவுளையும் பற்றியது. ஆனால் அது கேட்பவரிடம் உன் ஆன்மா என்ன ஆகும் என்று கேட்கிறது. மரண கானா உன் பக்கத்து வீட்டுக்காரர் போய்விட்டாரே, அவரைத் தெரியுமா என்று கேட்கிறது. முதலாவது மீட்பைப் பற்றிய கேள்வி. இரண்டாவது அண்மையைப் பற்றிய கேள்வி.

குறைகள்

மரண கானாவின் குறைகளையும் சொல்ல வேண்டும். சில பாட்டுகள் இறந்தவரின் குடியையும் கத்திச்சண்டையையும் வீரமாக்குகின்றன. அடுத்த சாவுக்கு அவையே விதையாகும் ஆபத்து உண்டு. காதல் கானாக்களில் பெண்களைப் பழிக்கும் சொற்கள் மலிந்திருப்பதும் உண்மை. பாடும் மேடை நெடுங்காலம் ஆண்களுக்கே உரியதாக இருந்தது. அதை உடைத்தவர்களில் ஒருவர் இராயபுரத்தைச் சேர்ந்த இசைவாணி. கேஸ்ட்லெஸ் கலெக்டிவின் பாடகரான அவர் 2020இல் பிபிசி வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். எல்லாரும் சமம் என்று பாடும் பாட்டு, பாடும் உரிமையிலும் அதைக் காட்ட வேண்டும். இந்தக் குறை தீராமல் அதன் வாதம் முழுமை பெறாது.

முடிவு

நிலையாமை உண்மை என்பதில் பட்டினத்தாருக்கும் மரண கானாவுக்கும் வேறுபாடு இல்லை. அந்த உண்மையிலிருந்து எங்கே போவது என்பதில்தான் வேறுபாடு. செல்வத்தின் உச்சியில் நின்றவருக்கு அது துறவைக் காட்டியது. உழைப்பைத் தவிர வேறு உடைமை இல்லாதவர்களுக்கு அது ஒருவரையொருவர் மதிக்கும் கடமையைக் காட்டுகிறது. நில்லாத வாழ்வில் ஒருவர் இன்னொருவரைத் தாழ்த்துவதற்கு நியாயம் ஏதும் இல்லை. நில்லாத வாழ்வு என்பதால்தான் ஒவ்வொரு பெயரும் ஒரு முறையாவது உரக்கச் சொல்லப்பட வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லும் மரண கானா தமிழின் நிலையாமைச் சிந்தனையில் குறளுக்கும் சித்தர் பாட்டுக்கும் அருகே வைத்துப் படிக்க வேண்டிய ஒரு மெய்யியல் மரபு.